பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்

உயிரினங்களை வகை பிரித்தவர்கள் கட்டம்போடிகள் என்ற இனத்தை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். வகை பிரித்தவர்களே அந்த இனத்தைச் சேர்ந்தவர்களாக இருந்திருக்கலாம். தன் முதுகைத் தானே பார்ப்பது யாருக்குமே சிரமம்தான். ஆனால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் கூட வந்தவர்கள் எல்லாரும் கை கழுவிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சர்வரை நிறுத்திவைத்து, அரை பிளேட் பிரியாணி என்பது முழு பிளேட்டில் பாதியா, இல்லை அது பிறவியிலேயே தனி அயிட்டமா என்று விசாரிப்பவர் இவர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், கொடைக்கானல் போகிற பஸ்ஸும் வத்தலக்குண்டோடு திரும்புகிற பஸ்ஸும் வத்தலக்குண்டு வரைக்கும் ஒரே பஸ்தானா என்று யோசித்து, யோசித்து, இரண்டையும் விட்டுவிட்டு நிற்பவரும் இவரே.

கையில் பேனா கிடைத்தால் ஒரு கட்டம் போடுவார். கட்டத்துக்குள் ஒரு பெயர். பக்கத்தில் இன்னொரு கட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு அம்பு. அம்பு போட்டதும் முகத்தில் ஒரு தெளிச்சி வரும் பாருங்கள், அபிஷேகம் முடிந்த சாமி மாதிரி. அடுத்த கணமே அது போய்விடும். அம்பு இந்தப் பக்கம் பார்க்க வேண்டுமா, அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமா? ஜாதகம் கணிப்பவரும்தான் கட்டம் போடுகிறார். அவர் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். நம்மவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒரு மாதிரியை உங்களுக்குக் காட்ட வேண்டுமானால் இளஞ்செழியனைத்தான் காட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. வீட்டில் அவர் மனைவி பவித்ரா இரவுச் சாப்பாடு வைக்கும்போது, தட்டில் இருப்பது காலைக் குழம்பேதானா, இல்லை சுட வைத்ததால் வேறு குழம்பாகிவிட்டதா என்று கேட்பார். கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிய வேண்டும்.

"குழம்பு காலைல வச்சது. வெஞ்சனம் மட்டும் புதுசு. திங்கிறீங்களா, எடுத்து வைக்கவா?" என்பார் பவித்ரா.

"அப்ப குழம்பு மறுவெளியீடு. வெஞ்சனம் புதுப் பதிப்பு" என்று சொல்லிக்கொண்டு, மனம் நிறைந்து சாப்பிடுவார். பவித்ராவும் முதல் இரண்டு வருடம் வருத்தப்பட்டார். பிறகு, குடிக்காத மனிதர், கட்டம்தானே போடுகிறார் என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பீர்கள். சரியாக இவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை கிடைத்தது. லினக்ஸ் என்று ஒன்று உண்டு. காசில்லாமல் கணினியில் போட்டுக்கொள்ளலாம். உலகம் முழுக்கப் பல குழுக்கள் அதைத் தங்கள் தேவைக்கு ஏற்றபடி தொகுத்து வெளியிடுகின்றன. அப்படி ஒரு தொகுப்புக்கு விநியோகம் என்று பெயர். ஒரு விநியோகத்துக்குள் சின்னச் சின்ன மென்பொருள்கள் மூட்டை மூட்டையாக இருக்கும். ஒரு மூட்டை ஒரு பொதி. இந்த விநியோகக்காரர்கள் தங்கள் பொதிகளை வைத்து எடுக்க, அவற்றின்மேல் வரும் புகார்களைப் பதிய, திருத்தி மறுபடி வெளியிட ஒரு பொது இடம் வேண்டுமல்லவா? திண்டுக்கல்லில், பழனி ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அப்படி ஓர் இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் 'கிடங்கு'. முதலாளி ஜமால் முகமது. பரம்பரையாகத் தோல் வியாபாரம். மகள் பாஸிலா கணினி படித்துவிட்டு வந்து கேட்டபோது, தோலுக்கு ஒரு கிடங்கு வைத்திருக்கிறோம், மென்பொருளுக்கு ஒன்று வைத்தால் என்ன என்று மாடியைக் காலி செய்து கொடுத்துவிட்டார். நிரல் எழுதுவது பாஸிலா. எதை எழுத வேண்டும் என்று தீர்மானிப்பது இளஞ்செழியன். அதாவது, ஒரு விநியோகம் தன் பொதிகளை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கட்டங்களாகவும் அம்புகளாகவும் வரைந்து தருவது. வரைந்துகொண்டே இருந்தார்.

கிடங்குக்கு முதலில் வந்து சேர்ந்த விநியோகம் 'சிலேட்டு'. பாலசமுத்திரம், ஆயக்குடிப் பக்கத்து ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக் கணினிகளுக்காகச் செய்தது. அதற்குள் 'எழுத்தாணி' என்று ஒரு பொதி. பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்ய உதவுவது. அதை எழுதியவர் கண்ணுசாமி; இளஞ்செழியனோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், பிறகு கிடங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்.

இப்போது நம்மவருக்கு ஒரு கேள்வி வந்தது. எழுத்தாணி என்றால் எது?

சிரிக்காதீர்கள், கேள்வி நியாயமானது. கண்ணுசாமி எழுதிய நிரல் ஒன்று இருக்கிறது, அது மூலம். அதைச் சிலேட்டுக்காரர்கள் தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது இன்னொன்று. சிலேட்டு வருடத்துக்கு ஒரு வெளியீடு விடும். வெளியீடுகளுக்கு ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்களின் பெயரை வைத்திருந்தார்கள். போன வருடம் கத்திரி, இந்த வருடம் முருங்கை. கத்திரியின் எழுத்தாணி வேறு, முருங்கையின் எழுத்தாணி வேறு. முருங்கைக்குள்ளும் பழைய கணினிக்குக் கட்டிய மூட்டை வேறு, புதிய கணினிக்குக் கட்டிய மூட்டை வேறு. இவ்வளவுக்கும் ஆளுக்கொரு கட்டம் போட்டாயிற்று. சரி, ஊரெல்லாம் வெறுமனே 'எழுத்தாணி' என்று சொல்கிறார்களே, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? தேடினார். எதிலும் இல்லை. எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அதன்மேல் புகார் சொல்கிறார்கள், அதை நம்புகிறார்கள். கிடங்கின் அட்டவணையில் மட்டும் அதற்கென்று ஒரு வரி கிடையாது. இதைக் கண்டுபிடித்த அன்று இளஞ்செழியன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குப் போனது. பவித்ரா அதை இரவு மறுவெளியீடு செய்தார்.

இந்த நிலையில்தான் முருங்கையின் எழுத்தாணியில் ஒரு கோளாறு முளைத்தது. 'ழ' அடித்தால் ழ வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கட்டம் வந்தது. சின்னதாக, வெறுமையாக, நான்கு பக்கமும் சமமாக.

ஆயக்குடியில் ஒரு பள்ளியின் கணினி ஆசிரியை ஜீவிதா அதைப் பார்த்துப் புகார் அனுப்பினார். கிடங்கு உடனே பதில் அனுப்பியது: புகார் கிடைத்தது, மூலத்தின் பெட்டியில் சேர்க்கப்பட்டது. மறுநாள் இன்னொரு பதில்: மூலத்தில் குறை இல்லை, சிலேட்டின் பெட்டிக்கு மாற்றப்பட்டது. அப்புறம் முருங்கையின் பெட்டி. அப்புறம் புதிய கணினிக்குக் கட்டிய மூட்டையின் பெட்டி. அங்கிருந்து, கொள்கை விளக்கம் தேவைப்படுவதால், மறுபடி மூலம். பழனி மலையைச் சுற்றி வந்திருந்தாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும். ஜீவிதா தேதி குறிப்பிட்டு எழுதினார்: வியாழக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு, அதில் தமிழில் ஒரு பக்கம் அடித்து அச்செடுத்துக் காட்ட வேண்டும், புதிய கணினிகளில் கத்திரி ஏறவே மாட்டேன் என்கிறது, முருங்கையை விட்டால் வழியில்லை. கிடங்கு நன்றி தெரிவித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் பாஸிலா கோளாறை எப்போதோ சரிசெய்துவிட்டாள். ஒரே ஒரு வரி. திருத்திய பொதி மூட்டை கட்டித் தயாராக இருந்தது. வெளியிட வேண்டியதுதான் பாக்கி.

பின் ஏன் வெளியிடவில்லை? ஒரு பொதியின் புதிய பதிப்பு வெளியாக வேண்டுமானால் அதன் பொறுப்பாளர் சம்மதிக்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம். அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பொறுப்பை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே சம்மதிக்க வேண்டும். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! பின்கதவே வைக்காமல் வீடு கட்டியவர் முன்கதவைப் பூட்டிக்கொண்டு எப்படி நிம்மதியாகத் தூங்குவாரோ, அந்த நிம்மதியோடு இளஞ்செழியன் இந்த விதியைச் செய்தார். எழுத்தாணியின் பொறுப்பாளர் கண்ணுசாமி.

கண்ணுசாமி போன ஐப்பசியில் இறந்துபோனார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், மழைக்கு ஒதுங்கி நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

கிடங்கில் ஒரு பொறுப்பாளருக்கு இரண்டே நிலைகள் உண்டு: 'பணியில் இருக்கிறார்', 'விடுப்பில் இருக்கிறார்'. ஐப்பசிக்குப் பிறகு ஒரு நாள் இளஞ்செழியன் கண்ணுசாமியை விடுப்பில் போட்டார். மூன்றாவதாக ஒரு நிலை வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்காகப் பாஸிலாவை உட்கார வைத்துப் பல கூட்டம் நடத்தினார். பொதிகளுக்கு ஏற்கெனவே வைத்திருந்த நிலைகளை எடுத்துப் பார்த்தார்கள். 'நீக்கப்பட்டது.' கூடாது, யாரும் நீக்கவில்லை. 'வழக்கொழிந்தது.' அவள் அதைப் படித்துவிட்டு அவரைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனாள். 'பின்னதால் மாற்றப்பட்டது.' பின்னது எது என்று அந்த வரியில் எழுத வேண்டும். யார் பெயரை எழுதுவது? கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒத்திவைக்கப்பட்டது. கிடங்கோ, வாரம் தவறாமல், திங்கட்கிழமை காலையில், கண்ணுசாமிக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தது: எழுத்தாணியின் புதிய பதிப்பு தங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. நகல் இளஞ்செழியனுக்கு வரும். மற்ற கடிதங்களைப் படித்ததும் அழித்துவிடுகிற மனிதர் இதை மட்டும் அழிப்பதில்லை.

"அண்ணே, பாஸ்வேர்டு மட்டும் குடுங்க. டேட்டாபேஸ்ல பொறுப்பாளர் பேரை நேரா மாத்திவிட்டுர்றேன், செத்த நேரத்து வேலை" என்று பாஸிலா ஒருமுறை கேட்டாள். பக்கத்து வீட்டுச் சுவரில் கன்னம் வைத்துத் திருடலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. பென் டிரைவில் போட்டு ஜீவிதாவிடம் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சிலேட்டுக் கணினிகள் கிடங்கின் முத்திரை இல்லாத எதையும் ஏற்காது. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

புதன்கிழமை பதினொரு மணிவாக்கில் ஜீவிதா நேரிலேயே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்த களைப்பு, தோளில் ஒரு கைப்பை, கையில் ஒரு கட்டைப்பை நிறைய ஆயக்குடிக் கொய்யா. வெறுங்கையோடு வரக் கூடாது என்று வாங்கி வந்திருக்கிறார். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இளஞ்செழியனிடம் கொடுத்தார். பள்ளிக் கணினியிலேயே அடித்து அச்செடுத்த புகார்க் கடிதம். பெறுநர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. 'இளஞ்செ' வரைக்கும் சரியாக இருந்தது, அப்புறம் ஒரு கட்டம், அப்புறம் தலையில்லாமல் ஒரு கொக்கி, அப்புறம் 'யன்'. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கட்டத்துக்குள் போட்டவர், தன் பெயருக்கு நடுவில் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க ஸ்கூல்ல தமிழரசின்னு மட்டும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க" என்றார் ஜீவிதா. "அதுங்க பேரையே அதுங்களால அடிக்க முடியலீங்க. நாளைக்குக் காலைல பரிட்சைங்க."

இளஞ்செழியனுக்கு மனசு இளகியது. இளகினால் அவர் என்ன செய்வார்? விளக்குவார். சிக்கல் எங்கே என்று இந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் பாதி துன்பம் தீர்ந்துவிடும் என்று அவர் மனதார நம்பினார். வெள்ளைப் பலகையில் இடமில்லை. ஆகவே கட்டைப்பையை வாங்கி மேசைமேல் கொய்யாக்களைக் கொட்டினார். தோப்பில் நிற்கிற மரம்தான் மூலம் என்றார். மரத்தை இங்கே கொண்டுவர முடியாதாகையால் தண்ணீர் ஜக்கை மரமாக வைத்தார். இந்தக் காகிதம் சிலேட்டு. காகிதத்தின் இந்தப் பாதி கத்திரி, அந்தப் பாதி முருங்கை. கத்திரியில் ஒரு கொய்யா, முருங்கையில் ஒரு கொய்யா. ஒரே மரத்துக் கொய்யாதான், ஆனாலும் ஒரே கொய்யா அல்ல. இப்போது, கொய்யா புளிக்கிறது என்று ஒருவர் புகார் சொன்னால், அவர் மரத்தைச் சொல்கிறாரா, இந்தப் பழத்தைச் சொல்கிறாரா, இல்லை பொதுவாகக் கொய்யா என்கிற ஒன்றைச் சொல்கிறாரா? பொதுவாகக் கொய்யா என்று ஒன்று இந்த மேசைமேல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

ஜீவிதா ஆசிரியை. வகுப்பில் புரியாத பிள்ளையைப் பார்க்கிற அதே பொறுமையோடு அவரைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஜமால் முகமது படியேறி வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மேசையைப் பார்த்து, "என்ன தம்பி, கொய்யாக்கடை போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே, இருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அத்தா, அது மாடல்" என்றாள் பாஸிலா.

"அது முருங்கையோட எழுத்தாணி, பாய்" என்றார் இளஞ்செழியன்.

"நல்லாத்தேன் இருக்கு. மொளகாப்பொடி உப்பு எதும் வச்சிருக்கீங்களா?"

தோல் கிடங்கில் வந்தது, போனது என்று இரண்டே கணக்கு என்றும், இம்புட்டுக் கட்டமெல்லாம் தன் அத்தா காலத்திலிருந்து யாரும் போட்டதில்லை என்றும், ஆனாலும் படித்தவர்கள் செய்தால் காரணம் இருக்கும் என்றும் மென்றுகொண்டே சொல்லிவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளஞ்செழியன் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. காகிதத்தில் கொய்யா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் எதுவும் காணாமல் போகக் கூடாது. போனாலும் போன தடம் இருக்க வேண்டும். பேனாவை எடுத்து, பழம் இருந்த இடத்தைச் சுற்றி மெதுவாக ஒரு கோடு வரைந்தார். வரைந்து முடித்ததும் அதற்குள் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

ஜீவிதா கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் பிடித்து ஆயக்குடி போய்ச் சேர வேண்டும். தன் போனைத் திறந்து கிடங்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தைத் தேடி எடுத்தார்.

"ஏனுங்க, எனக்கு இந்தக் கொய்யாக் கணக்கெல்லாம் புரியலீங்க. இதுல 'பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்'னு போட்டிருக்குது. கண்ணுசாமி சாருதானுங்களே? அவரு நம்பர் குடுத்தீங்கன்னா நானே கேட்டுக்கறனுங்க. நல்ல மனுசரு. எந்த நேரம் மெயில் போட்டாலும் பதில் போடுவாரு. நான் கேட்டா சம்மதிச்சிருவாருங்க."

பாஸிலா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஜமால் முகமது மெல்லுவதை நிறுத்தினார்.

இளஞ்செழியன் பேனாவைப் பலகைப் பக்கம் கொண்டுபோனார். பலகையில் இடமில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் திரும்பி வந்தார். விடுப்பு என்பதற்குக் கிடங்கில் இருக்கும் வரையறையைச் சொல்லத் தொடங்கினார். தொடங்கிய தேதி கட்டாயம், முடிகிற தேதி கட்டாயமில்லை என்றார். அத்தோடு நின்றுவிட்டார். அந்த அம்மா இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளத் தயாராக, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுசாமி செத்துப்போயிட்டாருங்க" என்றார். "போன ஐப்பசில."

மற்ற இருவருக்கும் தெரியாத செய்தியல்ல. அவரே தோள் கொடுத்துத் தூக்கிப்போனவர்தான். ஆனால் இந்த மாடியில், இந்த வார்த்தையில், அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அதற்கு ஒரு பெயர் வைக்கக் கூட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜீவிதா போனைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார். "போன வாரங்கூட அவருக்கு எழுதினனுங்க. லீவுல தொந்தரவு பண்றேன், தப்பா நெனச்சுக்காதீங்கன்னு." பிறகு, "எழுத்தாணியத் திறந்தா முதல்ல அவரு பேருதானுங்க வரும். 'எழுதியவர் கண்ணுசாமி'ன்னு. பிள்ளைங்க அதைச் சத்தமா வாசிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும். என்ன மாத்துனாலும் அதை மட்டும் எடுத்துராதீங்க" என்றார்.

இளஞ்செழியன் அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுதியவர். கிடங்கின் அத்தனை கட்டங்களிலும் அப்படி ஒரு கட்டம் இல்லை. எழுதியவரும் அவர்தான், பொறுப்பாளரும் அவர்தான் என்பதால் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டிருந்தார். கொய்யா புளித்தால் மரமா பழமா என்று மணிக்கணக்கில் பிரித்துப் பேசுகிற மனிதர், பக்கத்து நாற்காலிக்காரரைப் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டார். பொறுப்பாளர் என்றால் பணியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விடுப்பில் இருக்க வேண்டும். எழுதியவருக்கு அதெல்லாம் தேவையில்லை. எழுதியது எழுதியதுதான். அதற்கு நிலை என்று ஒன்று எதற்கு? முடிகிற தேதி எதற்கு?

அவர் தன் கணினி முன் உட்கார்ந்தார். புதிதாக ஒரு கட்டம் போட்டார். பாஸிலாவிடம் கூட்டம் கூட்டவில்லை, அம்பின் திசையை விவாதிக்கவில்லை. 'எழுதியவர்' என்று பெயர் வைத்து அதில் கண்ணுசாமியை எழுதினார். பிறகு பொறுப்பாளர் கட்டத்திலிருந்து கண்ணுசாமியை எடுத்தார். கிடங்கு உடனே சிவப்பு எழுத்தில் மறுத்தது: இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அவர் வாசகம்தான். அவர் விதிதான். என் பெயரைப் போடுங்க அண்ணே என்றாள் பாஸிலா. அப்புறம் போடலாம்மா, இன்னைக்கு ஒரு நாள் காலியா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அந்த விதியை எடுத்தார். இளஞ்செழியன் போட்ட கட்டங்களில் உள்ளே ஒன்றுமில்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

சம்மதம் கேட்க அந்தக் கட்டத்தில் யாரும் இல்லாததால் பாஸிலாவின் மூட்டைக்கு முத்திரை விழுந்தது. ஜீவிதா பள்ளிக்குப் போன் போட்டார். அங்கே இருந்த ஆசிரியர் ஒருவர் கணினிகளைப் புதுப்பித்து முடிக்கும்வரை எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாடலில் மிச்சமிருந்த பகுதிகளை ஜமால் முகமது எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கத்திரியின் எழுத்தாணி கொஞ்சம் செங்காய் என்றாள் பாஸிலா. கடைசியில் போன் வந்தது. ஜீவிதா ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண்பிள்ளையின் குரல், திரையில் வந்ததை அப்படியே வாசித்தது.

"எழுதியவர் கண்ணுசாமி. வாழைப்பழம். டீச்சர், ரெண்டு ழவும் வந்துருச்சு."

அடுத்த திங்கட்கிழமை காலை இளஞ்செழியன் வழக்கம்போல் முதலில் வந்து அஞ்சல் பெட்டியைத் திறந்தார். நினைவூட்டல் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும், நிறுத்தியவரே அவர்தான். ஆனாலும் குப்பைப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. பிறகு பாஸிலா வந்ததும், ஜீவிதா விட்டுப்போன கட்டைப்பையைக் காட்டி, இது கொய்யாவோடு சேர்த்து நமக்குக் கொடுத்ததா, இல்லை கொய்யாவைக் கொண்டுவருவதற்காக மட்டும் வந்ததா, திருப்பி அனுப்ப வேண்டிய வகையில் சேருமா என்று கேட்டார். திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா?

இவ்வளவையும் படித்து, நல்லவேளை நான் இந்த இனமில்லை என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. உங்களைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரே ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் போனை எடுத்து, சேமித்து வைத்திருக்கும் பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். நடுவில் எங்கேயோ ஒரு பெயர் இருக்கும். அந்த எண்ணை நீங்கள் கூப்பிட்டு நாளாயிற்று. கூப்பிட்டால் என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். போன் மாற்றினீர்கள், சிம் மாற்றினீர்கள், தேவையில்லாத எண்களையெல்லாம் உட்கார்ந்து நீக்கினீர்கள். இதை மட்டும் புதுப் போனுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

ஏன் என்று கேட்க மாட்டேன். அவர் விடுப்பில் இருக்கிறார். அவ்வளவுதானே?